நான்கு மணிக்கு நான் உட்காருவேன்

ஜெனி,

புதன்கிழமை போனில் நீ கேட்டதற்கு "யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். அது சும்மா சொன்னது. யோசிப்பதற்கு அதில் எதுவும் இல்லை. ஆனால் நான் பதில் சொல்ல ஆரம்பித்தால் நீ குறுக்கே பேசுவாய், நான் குரலை உயர்த்துவேன், உனக்கு உடனே ஒரு மீட்டிங் வந்துவிடும். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. இதை நீ குறுக்கே பேசாமல் கடைசி வரை படித்துத்தான் ஆகவேண்டும். பெங்களூரில் உன் ஆபீஸ் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் பாதி, லிஃப்டில் பாதி என்று படிக்காதே. ஒரு காபி போட்டுக்கொண்டு உட்கார்ந்து படி.

நீ கேட்டது இதுதான். "நிச்சயத்தன்னைக்கு மட்டும் உக்காராம நின்னு பரிமாறுங்கம்மா. ஒரே ஒரு நாள்தானே. அருணோட அத்தை அதைத்தான் கேக்குறாங்க. இல்லேன்னா நிச்சயத்தைத் தள்ளி வைங்கன்னு சொல்றாங்க." அருண் வீட்டார் நம் வீட்டுக்கு வந்த அன்று உன் ரயில் தாமதமாகி, எல்லாம் முடிந்து அவர்கள் கிளம்பிப் போன பிறகுதான் நீ வந்து சேர்ந்தாய். நடந்ததை அருண் சொல்லித்தான் கேட்டிருக்கிறாய். அருண் நல்ல பையன், ஆனால் அவன் அன்று முழுக்க வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான், நீ வருகிறாயா என்று. அவன் சொன்ன கதையில் பாதிதான் இருக்கும். முழுக்கதையை நான் சொல்கிறேன். அதற்கு முன்னால், ஒரு வயதான பள்ளிக்கூட டீச்சர் நாகமலை புதுக்கோட்டையில் தன் வீட்டு ஹாலில் உட்காருவது எப்படி ஒரு பிரச்சினையாக ஆனது என்று சொல்லவேண்டும். அந்தப் பிரச்சினையை என் தலையில் கட்டியதே நீதான்.

நீ ஸ்வீடனில் வேலை பார்த்த இரண்டு வருடத்தில் ஒரு முறை நான் வந்தேனே, ரிட்டயர் ஆன கையோடு. உன் வீட்டுக்கார அம்மா இங்கர் நம் இருவரையும் மத்தியானக் காபிக்குக் கூப்பிட்டார். மேஜையில் மெழுகுவர்த்தி, பட்டையும் ஏலக்காயும் போட்டுச் சுருட்டிய பன், தட்டு நிறைய விதவிதமாக பிஸ்கட். நான் ஒரு பன் சாப்பிட்டேன். தட்டை மறுபடி என் பக்கம் நீட்டினார். "வேண்டாம்" என்று தலையாட்டினேன். நம் ஊரில் முதல் வேண்டாம் என்பது மரியாதைக்கு. இரண்டாவது வேண்டாம் கொஞ்சம் வெட்கத்துக்கு. மூன்றாவது முறை கேட்கும்போது "சரி, நீங்க இம்புட்டு சொல்றதுனால" என்று எடுத்துக்கொள்வோம். அந்த அம்மா ஒரே ஒரு முறை கேட்டார். நான் தலையாட்டியதும் சிரித்துவிட்டுத் தட்டை உன் பக்கம் நகர்த்தினார். அவ்வளவுதான். அதற்கப்புறம் ஒரு மணி நேரம் நான் பேச்சையும் கேட்கவில்லை, ஒன்றையும் கேட்கவில்லை. பன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து தயிர்சாதம் பிசைந்து சாப்பிட்டபோது நீ கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாய். "அம்மா, இங்க வேண்டாம்னா வேண்டாம்தான். அவங்க உங்க வார்த்தையை அப்படியே நம்புறாங்க. அதுதான் இங்க மரியாதை" என்றாய். எனக்குக் கோபம் வந்தது. பசியோடு இருக்கிறவளிடம் மரியாதையைப் பற்றிப் பேசினால் கோபம்தான் வரும்.

ஆனால் இன்னொன்றையும் நான் அங்கே பார்த்தேன், உன்னிடம் அன்று சொல்லவில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் இங்கர் ஒரு முறைகூட எழுந்திருக்கவில்லை. வேண்டியதையெல்லாம் முன்கூட்டியே மேஜையில் வைத்துவிட்டு, நம்மோடு உட்கார்ந்து, நாம் குடித்த அதே சூட்டில் தன் காபியைக் குடித்தார். மறுநாள் உன் ஆபீசுக்குக் கூட்டிப் போனாய். மூன்று மணிக்கு எல்லோரும் கம்ப்யூட்டரை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்தார்கள். மேலதிகாரியும் வந்தார், தரை துடைக்கிறவரும் வந்தார், ஒரே மேஜை. "இதுக்குப் பேரு ஃபீக்கா" என்றாய். "டீ பிரேக்குன்னு சொல்லு, என்னமோ புதுசாக் கண்டுபிடிச்ச மாதிரி" என்றேன். ஆனால் எங்கள் மிஷன் பள்ளிக்கூடத்தில் இன்டர்வல் என்பது இடது கையில் டம்ளர், வலது கையில் சிவப்புப் பேனா, மடியில் கணக்கு நோட்டுகள். வீட்டுக்கு வந்தால் அடுப்படி மேடைமேல் என் காபி ஆறிப்போய் ஆடை கட்டிக் கிடக்கும். எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, உன் அப்பா குடித்துவிட்டு நாற்காலிக்கு அடியில் வைத்த டம்ளரையும் எடுத்துக்கொண்டு வந்து, நின்றபடியே ஒரே மடக்காகக் குடிப்பேன். நிற்கச் சொல்லி யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. உன் அப்பாவும் சொல்லவில்லை, என் மாமியாரும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது. யாரும் சொல்லாத ஒன்றை ஆயுசு பூராவும் செய்திருக்கிறேன்.

திரும்பி வந்ததும் நீ கொடுத்த காசில் ஒரு ஓவன் வாங்கினேன். அதற்குப் பிறகு நடந்த கூத்து உனக்கு வீடியோ காலில் பாதி தெரியும். முதல் தடவை பிரியாணிக்குப் போடுகிற பட்டையை மிக்சியில் அரைத்துப் போட்டேன். தெருவே மணந்தது. பக்கத்து வீட்டில் இருந்து "டீச்சர், ஞாயித்துக்கெழமகூட இல்லையே, என்ன விசேஷம், பிரியாணியா?" என்று குரல் வந்தது. உன் அப்பா ஒரு பன்னைப் பிய்த்து வாயில் போட்டு, மென்று, மிகவும் யோசித்து, "கறி எங்க?" என்று கேட்டார். அப்புறம்தான் மெல்லிசாகச் சுருள் சுருளாக இருக்கும் நல்ல பட்டையைத் தேடி வாங்கினேன். அடுத்தது ஈஸ்ட். பிசைந்த மாவை வெதுவெதுப்பான இடத்தில் ஒரு மணி நேரம் வைக்கச் சொல்லியிருந்தது. மே மாதத்து மதுரையில் வெதுவெதுப்பாக இல்லாத இடம் எது? குளித்துவிட்டு வருவதற்குள் மாவு பாத்திரத்தைத் தாண்டி, மூடியைத் தள்ளிவிட்டு, மேடையில் இறங்கி நடந்துகொண்டிருந்தது. இப்போது ஐஸ் தண்ணீரில்தான் பிசைகிறேன், ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில்தான் தூங்குகிறது. பன் மேல் தூவுகிற அந்த வெள்ளைச் சர்க்கரை முத்து இங்கே கிடைக்கவில்லை. மளிகைக் கடையில் நின்று யோசித்துக்கொண்டிருந்தபோது சின்னக் கல்கண்டு கண்ணில் பட்டது. ஒன்றிரண்டாகத் தட்டித் தூவினேன். ஓவன் சூட்டுக்கு உருகாமல் கடிக்கும்போது நறுக்கென்று நின்றது. இங்கருக்கு போட்டோ அனுப்பினாயே, அதில் இருப்பது நம் தெருமுனை மளிகைக் கடைக் கல்கண்டு என்று அவரிடம் சொன்னாயோ இல்லையோ.

பன் நன்றாக வந்ததும் விற்க ஆரம்பித்தேன், ஆட்கள் வந்தார்கள். பல்கலைக்கழகத்தில் இருந்து விலங்கியல் பேராசிரியை வந்தார், ஆராய்ச்சி செய்யும் பிள்ளைகள் வந்தார்கள், ஆட்டோ முருகேசன் வந்தான். ஹாலில் இருந்த சோபாவைத் தூக்கி உள்ளே போட்டுவிட்டு நீளமான மேஜை ஒன்று செய்யச் சொன்னேன். காலையில் பார்சல், நான்கு மணிக்கு உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும் என்று வைத்தேன். ஆனால் அந்த முதல் சில மாதம் எனக்கு ஏதோ சரியில்லை. எல்லோரும் வந்தார்கள், வேகவேகமாகச் சாப்பிட்டார்கள், போய்விட்டார்கள். பேச்சே கிடையாது. ஏன் என்று எனக்குப் புரியவில்லை. ஒரு நாள் மூட்டு வலி பொறுக்காமல் காலியாக இருந்த ஒரு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தேன். முருகேசன் பதறி எழுந்தான். "டீச்சர், நீங்க உக்காந்தா நான் நிக்கணுமே!" என்றான். அவன் பெண்ணுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தவள் நான், அந்த மரியாதை. "உக்காருப்பா, காபி ஆறுது" என்றேன். அன்று ஐந்து மணி வரை ஒருவரும் எழுந்திருக்கவில்லை. பேராசிரியை தவளைகளைப் பற்றிச் சொல்ல, முருகேசன் மழைக்காலத்தில் கண்மாய்க்கரையில் பார்த்ததைச் சொல்ல, நான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அத்தனை நாளும் நான் தட்டோடு அவர்கள் தலைக்கு மேலே நின்று, "இன்னொண்ணு வைக்கவா, இன்னொண்ணு வைக்கவா" என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். பரீட்சை ஹாலில் மேற்பார்வைக்கு நிற்கிற டீச்சர் மாதிரி. யாருக்குத்தான் தொண்டையில் இறங்கும்?

அன்றிலிருந்து அதுதான் இந்த வீட்டு முறை. நான்கு மணிக்கு ஓவனை அணைப்பேன். பன், பிஸ்கட், ஃப்ளாஸ்க் நிறைய காபி, டம்ளர் எல்லாம் மேஜைக்கு வந்துவிடும். நான் உட்கார்ந்துவிடுவேன். வேண்டியதை அவரவர் எடுத்துக்கொள்ளலாம். பிந்தி வருகிறவர்கள் தாங்களே நாற்காலி இழுத்துப் போட்டுக்கொள்ளலாம். வாசலில் ஃபீக்கா என்று நீ எழுதி மாட்டிய பலகையை யாரும் படிப்பதில்லை. "டீச்சர் வீட்டு நாலு மணி" என்றுதான் ஊரில் பெயர். தொழில் நன்றாக நடக்கிறது, ஜெனி. நான் பெருமையடிக்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள், பெருமைதான். பிறந்தநாள் கேக் கேட்கிறார்கள், மாட்டேன் என்கிறேன். ஊருக்குள் ஒரு கிளை போடலாம் என்கிறார்கள், சிரித்துவிட்டுக் காபி ஊற்றுகிறேன். ஒரு வேலையை எவ்வளவு பெரிதாகச் செய்யலாம் என்று எல்லோரும் உனக்குச் சொல்வார்கள். எந்த அளவோடு நிறுத்தினால் நீ அதில் உட்கார்ந்து இளைப்பாற முடியும் என்பதை நீயேதான் கண்டுபிடிக்கவேண்டும்.

இப்போது அன்றைக்கு நடந்ததற்கு வருகிறேன். அருண் வீட்டார் நான்கு மணிக்கு வருவதாகச் சொன்னார்கள். "இன்னைக்கு ஒரு நாள் அடைச்சிருவமே" என்றார் உன் அப்பா. நான் முடியாது என்றேன். நம் வீடு நான்கு மணிக்கு எப்படி இருக்குமோ அப்படியே அவர்கள் பார்க்கட்டும் என்று நினைத்தேன். பேராசிரியையும் முருகேசனும் வழக்கம்போல் மேஜையில் இருந்தார்கள். அருண், அவன் அப்பா, திருப்பரங்குன்றத்தில் இருந்து அவனுடைய பெரிய அத்தை ஞானம், எல்லோரும் உட்கார்ந்தார்கள். அருணின் அம்மா மட்டும் கணவரின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். இத்தனைக்கும் அவர்கள் விருந்தாளிகள். "உக்காருங்க சம்பந்தி" என்றேன். அவர் ஞானம் அத்தையைப் பார்த்தார். நான் போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்து, நானும் உட்கார்ந்து, அவருக்குக் காபி ஊற்றினேன். இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்து ஒரு வாய் குடித்துவிட்டு, "சூடா இருக்கு" என்றார். குறை சொல்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். குறை இல்லை.

அப்போதுதான் ஞானம் அத்தை கேட்டார்: "பொண்ணோட அம்மாவே உக்காந்துட்டா, வந்தவுகள யாரு கவனிக்கிறது?"

"எல்லாருக்கும் கையி இருக்குல்ல மதினி, எடுத்துக்கலாம்" என்றேன். வேடிக்கையாகத்தான் சொன்னேன். அது வேடிக்கையாகப் போய்ச் சேரவில்லை. என் வாய் எப்போதும் என்னைவிட ஒரு அடி முன்னால் போகும், உனக்குத் தெரியும். பன் தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன். "வேண்டாம்" என்றார். நான் சரி என்று தட்டை முருகேசன் பக்கம் தள்ளிவிட்டேன். முருகேசன் இரண்டு எடுத்துக்கொண்டான்.

நீ இப்போது சிரிப்பாய். சிரி. எனக்கு அப்போது உறைக்கவே இல்லை. இங்கர் வீட்டில் பசியோடு உட்கார்ந்திருந்தவள், அதையே தன் சம்பந்தி வீட்டு அத்தைக்குச் செய்திருக்கிறேன். வேண்டாம் என்று சொன்னவரை ஒரே தடவையில் நம்பிவிட்டேன். பெண் பார்க்க வந்த இடத்தில், கையை நனைக்காமல், வெறும் வயிற்றோடு, ஆட்டோக்காரர் இரண்டு பன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். இதை நான் உணர்ந்தது நீ போனில் நிச்சயத்தைத் தள்ளி வைப்பது பற்றிச் சொன்ன பிறகுதான். உட்கார்ந்ததற்காக நான் வருத்தப்படவில்லை. இரண்டாவது தடவை கேட்காமல் போனதற்கு மிகவும் வருத்தப்பட்டேன். அதனால் சனிக்கிழமை முருகேசன் ஆட்டோவில் ஏறித் திருப்பரங்குன்றம் போனேன். டப்பா நிறைய பன் கொண்டு போனேன். இதை உன்னிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் "போகாதீங்கம்மா, இன்னும் ஏதாவது பேசிருவீங்க" என்றிருப்பாய்.

அத்தை வாசலுக்கு வந்து "வாங்க டீச்சர்" என்றார், முகம் கொடுக்கவில்லை. ஆனால் நான் உட்கார்வதற்குள் மிக்சர் வந்தது, அதிரசம் வந்தது, காபி வந்தது. வேண்டாம் என்றேன். வைத்தார். போதும் என்றேன். வைத்தார். "எங்க வீட்டுக்கு மொதத் தடவையா வாரீங்க" என்று மூன்றாவது முறையும் வைத்தார். மருமகள் வேலைக்குப் போயிருந்தாள். வீட்டில் அவர் மட்டும்தான். நான் சாப்பிட்டு முடிக்கும் வரை கதவு நிலையில் சாய்ந்து நின்றுகொண்டே இருந்தார்.

"மதினி, அன்னைக்கு நீங்க வேண்டாம்னீங்க, நான் நம்பிட்டேன். அது என் தப்பு" என்றேன்.

சிரித்துவிட்டார். "வீடு வர்ற வரைக்கும் அந்தப் பட்டை வாசம் மூக்குலயே இருந்துச்சு டீச்சர். பசி வேற. வந்து பழைய சோறுதான் சாப்பிட்டேன்" என்றார். நானும் சிரித்தேன். டப்பாவைத் திறந்து கொடுத்தேன். நின்றபடியே ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார். "கல்கண்டா?" என்றார். ஆமாம் என்றேன். "உக்காந்து சாப்பிடுங்க மதினி" என்றேன். இந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. பெண்கள் எல்லோரும் உட்காரவேண்டும், ஆறின காபியைக் குடிப்பது ஒரு தியாகம் இல்லை, அது இது என்று வகுப்பு எடுக்க ஆரம்பித்துவிட்டேன். கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு சொன்னார்:

"நீங்க பென்சன் வாங்குறவுக டீச்சர். பள்ளிக்கூடத்துல உங்களுக்குன்னு ஒரு சேரு இருந்துச்சு. எனக்கு எங்க மாமியா வீட்லயும் கெடையாது, இந்தா, இந்த வீட்லயும் கெடையாது. தம்பி வீட்டு விசேஷம்னாத்தான் எனக்குச் சேரு. பையனோட அத்தைன்னு முன்னால உக்காரவச்சு, கேட்டுக் கேட்டு வைப்பாக. அம்புட்டுதான் எனக்குக் கெடச்சது. நீங்க எல்லாரும் சமம்னு சொல்லி அதையும் எடுத்துட்டா நான் எங்க போறது?"

எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கிற உன் அம்மா, டப்பாவை அங்கேயே வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டாள், ஜெனி. திரும்பி வரும் வழி முழுக்க நான் பேசாமல் வந்ததைப் பார்த்து முருகேசன், "என்ன டீச்சர், சண்டையாகிப் போச்சா?" என்று கேட்டான். சண்டையாக இருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அந்த அம்மாவை நான் ஒரு பழைய பஞ்சாங்கம் என்று நினைத்து வைத்திருந்தேன். அவர் என்னைப் போலவே நின்று தேய்ந்தவர். என்ன, அவருக்கு வருடத்தில் எப்போதோ ஒரு நாள் கிடைக்கிற நாற்காலி, யாரோ ஒருத்தி நின்றால்தான் கிடைக்கும் என்று ஆகியிருக்கிறது. அதற்காக நான் நிற்கமுடியாது. அவரிடமிருந்து அதைப் பிடுங்கவும் எனக்கு மனம் வரவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருந்தது. கணக்கு டீச்சருக்கு அது பிடிக்காது.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். முப்பது வருடம் பள்ளிக்கூட ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவர், யார் என்ன குறை சொல்லி வந்தாலும் "உங்களுக்கு என்ன வேணும்?" என்று மட்டும் கேட்பார் என்று பெயர். என்னிடமும் அதையே கேட்டார். "அந்தம்மாவுக்கு என்ன வேணும்? பொண்ணு வீட்டு ஆளு ஒருத்தரு நின்னு, கேட்டுக் கேட்டு வைக்கணும். அம்புட்டுதானே?"

"ஆமா" என்றேன்.

பேப்பரை மடித்தார். "நான் பொண்ணு வீட்டு ஆளு இல்லையா?"

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. இரண்டையும் அடுப்படிக்குப் போய் முடித்துக்கொண்டேன். தன் டம்ளரை நாற்காலிக்கு அடியில் வைத்துப் பழகிய மனிதர், ஜெனி. அவர் கெட்டவர் இல்லை. நான் வந்து எடுத்துவிடுவேன், அதனால் அவருக்கு எழுந்திருக்கவேண்டிய அவசியமே வந்ததில்லை. அவரிடம் ஒரு நாளும் நான் கேட்டதும் இல்லை. எனக்காக யாராவது தானாக உணர்ந்து எழுந்து வரவேண்டும் என்று காத்திருந்தேன். அப்படி யாரும் வரமாட்டார்கள். இதை நீ என்னிடமிருந்து கற்றுக்கொள், முதல் வாரத்திலேயே கற்றுக்கொள். அருண் நல்ல பையன் என்று மேலே எழுதியிருக்கிறேன். உன் அப்பாவும் நல்ல பையனாகத்தான் இருந்தார். வேண்டியதை வாயைத் திறந்து கேள். மணமாகிப் போன முதல் மாதத்தில் எந்த இடத்தில் நிற்கிறாயோ, எந்த இடத்தில் உட்காருகிறாயோ, அதுவே உன் இடமாகிவிடும். பிறகு மாற்றுவதற்கு ஓய்வு பெற்று, விமானம் ஏறி, இன்னொரு நாட்டுக்குப் போய், பசியோடு திரும்பவேண்டியிருக்கும்.

ஞானம் அத்தைக்கு போன் செய்தேன். "மதினி, நிச்சயத்தன்னைக்கு நான் உக்காந்துருவேன். ஆனா உங்களுக்கு முன்னால எங்க வீட்டு ஆளு ஒருத்தரு நிப்பாரு. மூணு தடவ கேட்டு வைப்பாரு" என்றேன். யாரு என்று கேட்டார். சொன்னேன். "அண்ணனா? தட்டைத் தூக்கிக்கிட்டா?" என்றார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை, இருமல் வந்துவிட்டது. "ஆம்பள நின்னு வைக்க நான் உக்காந்து சாப்பிடுறதா? ஊரு என்ன சொல்லும்?" என்றார். "ஊருக்கும் சேத்துத்தான் பன் போடுறேன்" என்றேன். பிறகு, "மூணு தடவையும் கேப்பாராமா?" என்றார். "நான் சொல்லிக் குடுத்துருக்கேன்" என்றேன். "அப்பச் சரி. நான் மூணாவது தடவைதான் எடுப்பேன், பாத்துக்கங்க." தேதியை மாற்ற வேண்டுமா என்று கேட்டேன். "அதை எதுக்கு மாத்தணும்? ஜெபத்துக்குச் சபை ஐயருட்ட சொல்லியாச்சுல்ல" என்று வைத்துவிட்டார். போனை வைப்பதற்கு முன்னால் இன்னொன்றும் கேட்டார், ரொம்ப மெதுவாகக் கேட்டார். தம்பி பெண்டாட்டிக்கு, அதாவது அருணின் அம்மாவுக்கு, நாற்காலி தன் பக்கத்திலேயே போடச் சொன்னார்.

ஆகவே நிச்சயம் தள்ளிப் போகவில்லை. அதைப் பற்றிய பயத்தை விட்டுவிடு. ஆனால் ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். புதன்கிழமை உன் குரலைக் கேட்டபோது எனக்கு அத்தை மேல் கோபம் வரவில்லை, உனக்காகப் பயமாக இருந்தது. "ஒரே ஒரு நாள்தானே" என்று நீ அவ்வளவு சுலபமாகச் சொன்னாய். ஃபீக்கா என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவள், மேலதிகாரியோடும் தரை துடைக்கிறவரோடும் ஒரே மேஜையில் உட்கார்ந்து வேலை பார்த்தவள், ஒரு கல்யாணப் பேச்சு வந்ததும் அம்மாவை எழுந்து நிற்கச் சொல்கிறாய். என்னைச் சொன்னாய், பரவாயில்லை. நாளைக்கு அதே சுலபத்தோடு உன்னையே நீ எழுந்து நிற்கச் சொல்லிக்கொள்வாய். எதிலும் பெரிய சண்டை வராது. எல்லோரும் உன்னை நல்ல பெண் என்பார்கள். உன் காபி ஆறும். இதைத்தான் நான் அன்று போனில் சொல்ல முடியாமல் "யோசிச்சுச் சொல்றேன்" என்று சொன்னேன்.

உன் அப்பா இப்போது ஹாலில் ட்ரேயில் வெறும் டம்ளர்களை வைத்துக்கொண்டு மேஜையைச் சுற்றி நடந்து பழகிக்கொண்டிருக்கிறார். "இன்னொண்ணு வைக்கவா?" என்று காலி நாற்காலிகளிடம் கேட்கிறார். குரல் இன்னும் ஆபீஸ் குரலாகவே இருக்கிறது, விண்ணப்பத்தில் கையெழுத்து இல்லை என்று சொல்கிற மாதிரி. நான் திருத்தவில்லை. இதை எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நிச்சயத்தன்று ஜெபம் முடிந்ததும் எல்லோரும் மேஜைக்கு வருவோம். நீ அருணுக்குப் பக்கத்தில் உட்காருவாய். அப்பா உள்ளேயிருந்து ட்ரேயோடு வருவார். புது வேட்டி, இத்தனை பேர் பார்க்கிறார்கள். டம்ளர் ஒன்றோடொன்று இடிக்கும், காபி கட்டாயம் சிந்தும். அந்த நேரம் அந்த மேஜையில் இருக்கிற ஒவ்வொரு பெண்ணுக்கும் எழுந்து ஓடிப் போய் வாங்கிக்கொள்ளக் கை பரபரக்கும். எனக்கும் பரபரக்கும். உனக்குத்தான் ரொம்பப் பரபரக்கும், அவர் உன் அப்பா. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், மகளே, அப்போது எழுந்துவிடாதே.

அம்மா